ஜேகே ராங்ளரில் 37 அங்குல டயர்: முன்பக்க டானா 30 ஆக்ஸில் தாங்குமா?

பே ஏரியா ஜீப்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2014 ஜீப் ராங்ளர் ஜேகே (அந்தத் தலைமுறை ராங்ளரின் குறியீடு) அன்லிமிடெட் ஸ்போர்ட். நாலு கதவு, 3.6 லிட்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக். இன்னொருவரிடமிருந்து வாங்கிய வண்டி. கம்பெனியில் வந்த 225/75ஆர்16 அளவு டயர்தான் இன்னும் ஓடுகிறது, சுமார் 29 அங்குலம். ஆக்ஸிலின் கியர் ரேஷியோ 3.73. ஆக்ஸில் முன்னால் டானா 30, பின்னால் அதைவிடப் பெரிய டானா 44. இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைக்கும் லாக்கர் எதுவும் இல்லை.

அடுத்த கோடையில் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் சியரா மலையில் இருக்கும் பாறைப் பாதையான ரூபிகான் டிரெயில் போக ஆசை. அதற்காக 37 அங்குல டயர் போடலாம் என்று கடைகளில் விசாரித்தேன். ஒரு கடையில் வண்டியை உயர்த்த 4 அங்குல லிஃப்ட் போட்டு டயரை மாட்டினால் போதும், ஆக்ஸிலைத் தொடவே வேண்டாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் டானா 30-லேயே பலமான குரோமோலி எஃகு ஷாஃப்ட், லாக்கர், 5.13 கியர் எல்லாவற்றையும் போடச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

வார நாட்களில் இதே வண்டியில்தான் அலுவலகம் போகிறேன், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறேன். மனைவியும் ஓட்டுவார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் பாலைவனம்

நான் டானா 30-ல் 37 போட்டு ரொம்ப நாளாக ஓட்டுகிறேன், எதுவும் உடையவில்லை. மண் பாதை, மணல், ஹைவே எல்லாம் போயாகிவிட்டது. கியரை மட்டும் 4.88 ஆக்கிக்கொள்ளுங்கள், போதும். பலரும் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார்கள்.

சாக்ரமெண்டோ பட்டறை

தம்பி, ரூபிகான் டிரெயில் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் திருச்சியில் டிப்ளமோ படித்துவிட்டு நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் ஆக்ஸில் வேலை பழகியவன். இங்கே வந்த பிறகு சனி, ஞாயிறுகளில் நண்பர்களின் ஜீப்புகளுக்கு கியர் செட் செய்து கொடுக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 37 வேண்டும் என்றால் டானா 30-ஐக் கழற்றிவிட்டு வேறு ஆக்ஸில் போடுங்கள். டானா 30 இருக்கட்டும் என்றால் 35-ல் நின்றுகொள்ளுங்கள். 37-ஐயும் போட்டு, டானா 30-க்குள் லாக்கர், ஷாஃப்ட் என்று பணத்தைக் கொட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காரணத்தை டயரிலிருந்தே தொடங்கலாம். 29 அங்குலத்திலிருந்து 37-க்குப் போனால் டயரின் ஆரம் 26 சதவீதம் கூடுகிறது. தரையைப் பிடித்துத் தள்ளும் விசை அதேதான் என்றாலும், ஷாஃப்டின் மேல் விழும் முறுக்கு அதே 26 சதவீதம் ஏறிவிடும். அதோடு டயரும் ரிம்மும் கனம் கூடுகின்றன. உங்கள் இன்ஜினின் டார்க் 260 பவுண்டு-அடி. ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 3.59, முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.72, ஆக்ஸில் 3.73. எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள், சுமார் 9,500 பவுண்டு-அடி வரும். ஆக்ஸிலை 4.88 ஆக்கினால் அது 12,000-ஐத் தாண்டும். டார்க் கன்வர்ட்டர் கூட்டிக் கொடுப்பதை நான் இதில் சேர்க்கவில்லை.

டயர் வழுக்கிச் சுற்றினால் இந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டுக்கு வராது. அரிசோனா மணலில் நண்பருக்கு எதுவும் உடையாததற்கு அதுதான் காரணம், அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் சியராவின் கிரானைட் பாறை வேறு. காற்றை 12, 15 பிஎஸ்ஐ-க்குக் குறைத்த பெரிய டயர் அந்தப் பாறையில் வழுக்காது, கவ்விக்கொள்ளும். முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் செருகி நிற்கிறது, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருக்கிறது, அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள். முன் ஷாஃப்டில் மடங்கும் மூட்டான யு-ஜாயின்ட் அதிகக் கோணத்தில் மடங்கி நிற்கும் நேரம் அது, அதன் பலம் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். முன் லாக்கரும் போட்டிருந்தால் இரண்டு பக்கத்து முறுக்கும் ஒரே ஷாஃப்டில் வந்து விழலாம். டானா 30-ன் முன் ஷாஃப்ட் 27 ஸ்ப்ளைன், அதாவது நுனியில் 27 பல்வரி; எண்ணிக்கை கூடினால் ஷாஃப்ட் தடிமன். ராங்ளரின் ரூபிகான் என்ற மாடலில் வரும் முன்பக்க டானா 44-ல் 30 ஸ்ப்ளைன். டானா 60-ல் சாதாரணமாக 35. ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான ரிங் கியரின் விட்டமும் இதே வரிசையில் ஏறும்: டானா 30-ல் சுமார் 7.2 அங்குலம், உங்கள் பின்பக்க 44-ல் 8.8, டானா 60-ல் 9.75. உங்கள் பின் ஆக்ஸில் நல்லது. பலவீனம் முன்னால்தான் இருக்கிறது.

குரோமோலி ஷாஃப்ட் போட்டால் தீராதா என்று கேட்பீர்கள். ஷாஃப்ட் உடையாது, சரி. அப்புறம் அடுத்துப் பலவீனமான இடம் எதுவோ அது உடையும். அந்த இடம் ரிங் கியரும், அதைச் சுற்ற வைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனும். 3.73 ரேஷியோவில் பினியனுக்கு 11 பல், ரிங் கியருக்கு 41. 4.56-க்கு 9 பல்லும் 41 பல்லும். 4.88-க்கு 8-ம் 39-ம். 5.13-க்கு 8-ம் 41-ம். ரேஷியோ ஏற ஏறப் பினியன் ஒல்லியாகிக்கொண்டே போகிறது, பல்லின் எண்ணிக்கையும் குறைகிறது. 7.2 அங்குல ரிங் கியருக்குள் 5.13-ஐ வைத்து, லாக்கரையும் பூட்டி, 37-ஐ மாட்டி, ரூபிகானுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஷாஃப்ட் உடைந்தால் வழியில் மாற்றிக்கொள்ளலாம். காட்டுக்குள் பினியன் பல் போனால் என்ன செய்வது?

சரி, கியரைத் தொடவே வேண்டாம் என்று சொன்ன கடையின் யோசனையையும் பார்ப்போம். 3.73-ஐ அப்படியே விட்டு 37 போட்டால் உங்கள் வண்டிக்கு 2.95 ரேஷியோ போட்ட மாதிரி ஆகிவிடும். மணிக்கு 65 மைலில் ஐந்தாவது கியரில் இன்ஜின் இப்போது சுமார் 2,300 ஆர்பிஎம் சுற்றுகிறது. அது 1,830-க்கு இறங்கிவிடும். ஆர்பிஎம் குறைந்தால் பெட்ரோல் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். இந்த இன்ஜினுக்கு அவ்வளவு கீழே இழுவை கிடையாது. சின்ன மேடு வந்தாலும் ஐந்திலிருந்து நான்குக்கு, நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். டிரெயிலை முடித்து டாஹோ பக்கம் இறங்கி, 50-ஆம் எண் நெடுஞ்சாலையில் 7,382 அடி எக்கோ சம்மிட்டைத் தாண்டி வரும்போது டிரான்ஸ்மிஷன் ஆயில் எந்தச் சூட்டில் இருக்கும் என்று யோசியுங்கள். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 60 என்று காட்டும்போது நீங்கள் 75-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டும் வண்டி இது.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. டானா 30-ன் ஹவுசிங் குழாயும், அதன் நுனியில், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் சி வடிவத் துண்டும் பெரிய டயருக்குக் காலப்போக்கில் வளையும். ஒரே நாளில் தெரியாது. டயர் உள்பக்கமாகத் தேயும், அலைன்மென்ட் நிற்காது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். பள்ளம் மேடாகக் கிடக்கும் பாதையில் வேகமாக ஓட்டினால் இது சீக்கிரம் வரும். ஃபீனிக்ஸ் நண்பரும் ஒரு முறை கேம்பர் அளவை, அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தை, எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ரூபிகான் மாடலிலிருந்து கழற்றிய முன்பக்க டானா 44 விலைக்குக் கிடைக்கும், அதை வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். ரிங் கியர், ஷாஃப்ட், லாக்கர் மூன்றும் முன்னேற்றம்தான். ஆனால் ஜேகேயில் அந்த 44-க்கும் டானா 30-க்கும் குழாய் அளவு ஒன்றே. பால் ஜாயின்டும், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளும்கூட அதேதான். 44 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு முழு ஆக்ஸிலும் தடித்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

37-க்கு என்று உண்மையாகவே செய்த ஆக்ஸில் வேண்டுமானால் தடித்த குழாயுடன் வரும் 44-ஓ 60-ஓ புதிதாக வாங்க வேண்டும். டானா 60 ஜோடியாக எடுத்தால் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். அதற்குத் தகுந்த ரிம், பிரேக், டிரைவ் ஷாஃப்ட் தனிச் செலவு.

ரூபிகான் டிரெயிலுக்கு 35 தாராளமாகப் போதும். ஜேகேயின் ரூபிகான் மாடலுக்கு அந்தப் பாதையின் பெயரையே வைத்த கம்பெனி, அதை 32 அங்குல டயரோடுதான் விற்றது. அந்த மாடலை அங்கே முழுமையாக ஏற்றி இறக்க வைத்தது இரண்டு லாக்கரும் 4-க்கு 1 லோ ரேஞ்சும். உங்களுக்கும் டயர் அளவைவிட லாக்கர்தான் அதிகம் உதவும்.

டென்வர் வெல்டர்

பட்டறை அண்ணா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் ஃபோர்டு சூப்பர் டியூட்டியிலிருந்து எடுத்த டானா 60-ஐ முன்னால் போட்டேன், பின்னால் அதே வண்டியின் ஸ்டெர்லிங் 10.5. பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது விலை குறைவு, அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது ஜேகேயின் ஆக்ஸிலைவிட அகலம். எட்டு போல்ட், 170 மில்லிமீட்டர் வட்டம், அதனால் உங்கள் ரிம் எதுவும் சேராது. பழைய பிராக்கெட் எல்லாவற்றையும் அறுத்துத் தேய்த்து, ஆக்ஸிலை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்முக்கும் டிராக் பாருக்கும் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். ஏபிஎஸ் சென்சாருக்கு ஏற்பாடு செய்யாவிட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டானா 60-ன் வார்ப்பிரும்பில் வெல்டிங் செய்யும்போது முதலில் சூடேற்றி, முடிந்ததும் மெதுவாக ஆற விட வேண்டும். இல்லையென்றால் விரிசல் வரும். வண்டி ஒரு குளிர்காலம் முழுவதும் ஸ்டாண்டில் நின்றது. தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் போகும் வண்டிக்கு இந்த வழி சரிப்படாது.

ஃபீனிக்ஸ் பாலைவனம்

பட்டறை அண்ணா, கேம்பர் பார்க்கச் சொன்னதை வைத்து யோசித்தேன். முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்துதான் இருக்கிறது. டயர் தரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அளவு எடுத்துவிட்டு வந்து சொல்கிறேன்.

பே ஏரியா ஜீப்

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மனைவியிடமும் படித்துக் காட்டினேன். 35 என்று முடிவு செய்துவிட்டோம். பட்டறை அண்ணா, இன்னும் சில கேள்விகள். 35-க்கு எந்த கியர்? இரண்டு ஆக்ஸிலிலும் மாற்ற வேண்டுமா, பின்னால் மட்டும் மாற்றினால் ஆகாதா? லாக்கர் எங்கே போடுவது? டானா 30-ல் என்னென்ன வேலை மிச்சம்? ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்யப் பணம் இல்லை, அதனால் எதை முதலில் செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

சாக்ரமெண்டோ பட்டறை

நல்ல முடிவு. கியர் 4.56 போடுங்கள். 35-ல் 65 மைலுக்குச் சுமார் 2,360 ஆர்பிஎம் வரும். இப்போது இருப்பதற்கு மிக அருகில், டிரான்ஸ்மிஷனும் பழையபடி நடந்துகொள்ளும். கூரைமேல் கூடாரம், இரும்பு பம்பர், வின்ச் என்று கனம் ஏற்றப் போகிறீர்கள் என்றால் 4.88 போடுபவர்களும் உண்டு. உங்கள் முன் ஆக்ஸில் டானா 30 என்பதால் ஒரு பல் அதிகம் உள்ள 4.56 பினியனைத்தான் நான் எடுப்பேன். 2021-ல் அடுத்த தலைமுறை ராங்ளரான ஜேஎல் ரூபிகானுக்குக் கம்பெனியே 35 அங்குல டயரோடு எக்ஸ்ட்ரீம் ரீகான் பேக்கேஜ் கொடுத்தபோது ஆக்ஸிலில் 4.56-தான் வைத்தார்கள். ஸ்டெப்னி தொங்கும் பின்கதவையும் பலப்படுத்தினார்கள். அதனால் உங்கள் பின்கதவுக் கீலையும் மறந்துவிட வேண்டாம், 35 அங்குல ஸ்டெப்னியின் கனம் அதன்மேல்தான் விழும்.

இரண்டு ஆக்ஸிலிலும் கட்டாயம் ஒரே ரேஷியோ வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறாக வைத்து ஃபோர் வீல் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். உங்களுடையது ஏற்கெனவே 3.73 என்பதால் ஒரு லாபம்: டானா 30-ல் ரிங் கியரைத் தாங்கும் 3.73-ன் கேரியரே 4.56-க்கும் சேரும். 3.21 வண்டிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, அவர்கள் கேரியரையும் வாங்க வேண்டும்.

லாக்கர் பின்னால் மட்டும் போடுங்கள். கியர் மாற்ற எப்படியும் ரிங் கியர் இருக்கும் டிஃபரன்ஷியலைத் திறப்பார்கள், அதே கூலியில் லாக்கரும் உள்ளே போய்விடும். பிறகு போடலாம் என்று தள்ளினால் செட்டிங் கூலியை மறுபடி கொடுக்க நேரும். சுவிட்ச் போட்டால் மட்டும் பூட்டும் வகையாக வாங்குங்கள், காற்றில் இயங்குவதோ மின்சாரத்தில் இயங்குவதோ உங்கள் விருப்பம். மழை நாளில் மனைவி ஓட்டும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் வேண்டாம். முன்பக்கத்தை லாக்கர் இல்லாமல் ஓபனாகவே விடுங்கள். கம்பெனியின் பிரேக் லாக் டிஃபரன்ஷியல் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு விசையை அனுப்பும், அதோடு பின் லாக்கரும் இருந்தால் பொறுமையாக ஓட்டுபவர் ரூபிகானைக் கடந்துவிடலாம்.

டானா 30-ல் செய்ய வேண்டிய முக்கிய வேலை அந்த சி துண்டுகளுக்கு மேலும் கீழும் முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் செய்வது. பால் ஜாயின்டைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும், வெல்டிங் சூட்டில் அதன் ரப்பரும் கிரீஸும் கெட்டுவிடும். புதுப் பால் ஜாயின்டை அதே நாளில் போட்டுக்கொண்டால் கூலி மிச்சம். குழாய்க்குள் பலத்துக்காக ஸ்லீவ் செலுத்துவது 35-க்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ரிம் வாங்கும்போது பேக்ஸ்பேசிங்கை, அதாவது ஹப்பில் பொருந்தும் முகத்திலிருந்து ரிம்மின் உள் விளிம்பு வரை உள்ள தூரத்தை, பாருங்கள். 4.5 அங்குலத்துக்குக் கீழே போனால் டயர் வெளியே தள்ளி நிற்கும், பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் ஹப் பேரிங்குக்கும் பால் ஜாயின்டுக்கும் சுமை கூடும். லிஃப்ட் 2.5 அங்குலம் போதும். கடைக்காரர் சொன்ன 4 அங்குலம் போட்டால் முன் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிய ஆரம்பிக்கும், அது இன்னொரு செலவு.

பணத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் டயர் கடைசியில் வரட்டும். முதலில் வெல்டிங், பால் ஜாயின்ட். அடுத்து கியரும் பின் லாக்கரும் ஒன்றாக. பிறகு லிஃப்ட், ரிம், டயர். 29 அங்குல டயரில் 4.56 கியரோடு சில வாரம் ஓட்டுவதில் கெடுதி இல்லை, ஹைவேயில் இன்ஜின் சத்தம் மட்டும் கூடும். புது கியர் பழகுவதற்கு லேசான டயர் இன்னும் நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்பீடோமீட்டரைத் திருத்த ஒரு கால்குலேட்டர் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி டயர் அளவும் ரேஷியோவும் கொடுத்தால் முடிந்தது. அதைச் செய்யாவிட்டால் ஆட்டோமேட்டிக்கும் தவறான நேரத்தில் கியர் மாற்றும்.

கியர் செட் செய்பவரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்பட வேண்டாம். மலிவான கைகளில் கொடுத்த நல்ல கியர் ஆயிரம் மைலில் ஊளையிடும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் பேக்லாஷ் இடைவெளியை எந்த அளவில் வைப்பீர்கள் என்று கேளுங்கள், 6-லிருந்து 10 வரை, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் பதில் வர வேண்டும். பல்லில் மஞ்சள் பூச்சு தடவிப் பதிவு எடுத்து உங்களுக்குப் படம் தருவாரா என்றும் கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். வேலை முடிந்ததும் முதல் நாள் இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆற விடுங்கள். இப்படிச் சில முறை. முதல் 500 மைல் வரை டிரெய்லர் இழுக்க வேண்டாம், முடிந்ததும் இரண்டு டிஃபரன்ஷியலிலும் ஆயிலை மாற்றுங்கள். அந்த ஆயிலில் மெல்லிய சாம்பல் நிறப் பொடி இருப்பது சகஜம். கையில் தட்டுப்படும் துண்டு இருந்தால் உடனே அவரிடம் கொண்டு போங்கள்.

டிரெயிலுக்குப் போகும்போது முன் ஷாஃப்டுக்கு ஒரு ஸ்பேர் யு-ஜாயின்டும், முடிந்தால் பழைய ஷாஃப்ட் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரெயில் தொடங்கும் லூன் லேக்கைத் தாண்டிவிட்டால் டோ டிரக் வராது. ஒருவேளை முன் ஷாஃப்ட் உடைந்தால் உள் பாதியை எடுத்துவிட்டு டூ வீலில் வெளியே வரலாம். ஆனால் வெளிப்பக்கத் துண்டையும் அதன் நட்டையும் கட்டாயம் ஹப்பிலேயே விட்டு இறுக்கி வையுங்கள். அந்தத் துண்டுதான் ஹப் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அது இல்லாமல் ஓட்டினால் சக்கரமே கழன்று போகும்.

பே ஏரியா ஜீப்

அண்ணா, ரொம்ப நன்றி. வெல்டிங் வேலைக்கு இந்த வாரமே ஆள் தேடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். உடைந்தால் சக்கரம் கழலும் என்ற பயம் பின் ஆக்ஸிலுக்கும் உண்டா?

சாக்ரமெண்டோ பட்டறை

உண்டு, அளவாக. நாமக்கல் லாரிகளில் பின் ஆக்ஸில் ஃபுல் ஃப்ளோட். வண்டியின் கனத்தை ஹவுசிங்கும் ஹப்பும் தாங்கும், ஷாஃப்டின் வேலை சுற்றுவது மட்டும்தான். சாலையோரத்தில் ஜாக்கி வைக்காமலே போல்டைக் கழற்றி ஷாஃப்டை உருவுவோம், சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். உங்கள் ஜேகேயின் பின் டானா 44 செமி ஃப்ளோட், கனத்தையும் ஷாஃப்டே தாங்குகிறது. ராங்ளரில் 2024 ரூபிகானிலிருந்துதான் பின் ஆக்ஸிலை ஃபுல் ஃப்ளோட் ஆக்கினார்கள். ஆனாலும் உங்களுடையதில் பேரிங்கைத் தகடு வைத்து போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறார்கள், அதனால் ஷாஃப்ட் உள்ளே உடைந்தாலும் சக்கரம் சட்டென்று வெளியே வராது. 35-க்கு அது போதும். ஆயில் மாற்றும்போதெல்லாம் பின் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங்கை மாற்றிவிடுங்கள். கியர் செட் செய்த பதிவுப் படம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.